சுண்டைக்காய்ப் பருமனுள்ள முத்து

எங்கள் ஊருக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதைத் தொடங்கியவள் நான். தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற பஸ்ஸில் ஏறி, உப்பளங்களைத் தாண்டி, கிழக்கே பிரிகிற சாலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற சின்ன ஊர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருப்பது தெரிந்த வாரமே எழுத உட்கார்ந்துவிட்டேன். அப்போது கல்யாணமாகி டவுனுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில், ஆவணப் பிரிவில் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, நான்கு நாளில் கட்டுரையை முடித்தேன். ஊர் எங்கே இருக்கிறது, கோயில், பள்ளிக்கூடம், மீன்பிடி, உப்பு. கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன்:

"தூத்துக்குடிக் கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில், இவ்வூர் வள்ளத்தில் எடுத்த சிப்பியில்தான் சுண்டைக்காய்ப் பருமனுள்ள மிகப் பெரிய முத்து கிடைத்தாகும்."

'கிடைத்ததாகும்' என்று இருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு 'த' விட்டுப்போயிற்று. நான் கவனிக்கவில்லை.

அந்த வாக்கியம் அப்பாவிடமிருந்து வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த அந்தக் குளிப்பில் அப்பா வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தவர். இருபது வயதுகூட ஆகியிருக்காது. பெரியப்பா கல்லின் பாரத்தோடு கடலுக்குள் இறங்குவார். அடியிலிருந்து கயிறு அசைந்ததும் அவரை மேலே இழுக்க வேண்டியது அப்பாவின் பொறுப்பு. எங்கள் வீட்டில் முத்துப் பேச்சு வந்தால் அந்தப் பெரிய முத்தும் கூடவே வரும். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் அது எங்கள் ஊர் முத்து.

கட்டுரை வெளியான மறுநாள் அதன் தலையில் ஒரு பட்டை தொங்கியது. இந்தக் கட்டுரையில் ஒரு மேற்கோளும் இல்லை, நம்பத்தக்க சான்றுகளைச் சேர்க்கவும் என்று. போட்டவர் முகம் தெரியாத ஒரு பயனர். பெயருக்குப் பதில் மூன்று எழுத்தும் இரண்டு எண்ணும் வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உரையாடல் பக்கத்துக்குப் போய், "நான் அந்த ஊரில் பிறந்தவள். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?" என்று எழுதினேன்.

அவர் பொறுமையாகப் பதில் போட்டார். "நீங்கள் அந்த ஊர்க்காரர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் எந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியுமா? வாசிக்க வருகிறவருக்கு நம் இரண்டு பேரையுமே தெரியாது. அச்சில் வந்த ஏதாவது இருந்தால் கீழே குறித்துவிடுங்கள், போதும்."

இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் ஒரு கண்டெய்னர் சிக்கல். பி.எல். என்று நாங்கள் சொல்லுகிற சரக்கு ஏற்றுச் சீட்டில் பெட்டியின் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது; துறைமுக வாசலில் நிறுத்திவிட்டார்கள். சரக்குக்காரர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று சத்தம் போட்டார்.

"எம் பெட்டி எனக்குத் தெரியாதாம்மா? நாந்தான நின்னு ஏத்துனேன்?"

"நீங்க ஏத்துனது சரிதான் அண்ணாச்சி. பேப்பர்ல இல்லன்னா கேட்ல உள்ளவனுக்கு அது உங்க பெட்டி இல்ல."

சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே உறைத்தது. முகம் தெரியாத அந்தப் பயனர் என்னிடம் சொன்னதும் இதைத்தானே. அந்தச் சனிக்கிழமையே மாவட்ட நூலகத்துக்குப் போனேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஊர்ப் பெயர் இருந்தது. பழைய மாவட்ட விவரச்சுவடி ஒன்றில் கோயிலைப் பற்றி இரண்டு வரி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கல்வித்துறைப் பட்டியல் கிடைத்தது. ஒவ்வொன்றாகக் கீழே குறித்தேன். பட்டை எடுக்கப்பட்டது. முத்து வாக்கியத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் தோளில் 'சான்று தேவை' என்கிற சின்ன எழுத்து உட்கார்ந்தது. அழிக்க மனம் வராமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வேலையே எனக்குப் பிடித்துவிட்டது. சான்றில்லாத கட்டுரைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் எங்கள் மாவட்டத்துக் கட்டுரைகளை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான். வீட்டில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குவார்கள், நான் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். எடுத்த எடுப்பில் எதையும் அழிப்பதில்லை. முதலில் நானே தேடிப் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் எழுதியவருக்குச் செய்தி அனுப்பிக் காத்திருப்பேன். உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி ஆதாரமில்லாமல் தப்பாக எழுதியிருந்தால் மட்டும் அந்த நிமிடமே எடுத்துவிடுவேன். சாயர்புரம் பக்கத்துக் குளம் ஒன்றைப் பற்றி இரண்டே வரியில் ஒரு கட்டுரை வருடக்கணக்காகக் கிடந்தது. அதற்கு அரசாங்கத்தின் பாசனக் குளப் பட்டியலைத் தேடிப் பிடித்துச் சான்று போட்ட அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டார். குளம் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்தக் காலத்தில்தான் ஒரு நாள் எங்கள் அலுவலகத்துப் பெண் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். "அக்கா, உங்க ஊரு வந்துருக்கு." கடற்கரை ஊர்களைப் பற்றிய கட்டுரை. எங்கள் ஊருக்கும் ஒரு பத்தி. அதில் அந்தப் பெரிய முத்தும் இருந்தது. ஒரு வாரத்துக்குள் வேறொரு பயனர் அந்தப் பத்திரிகையையே என் வாக்கியத்துக்கு மேற்கோளாகப் போட்டு, 'சான்று தேவை'யை எடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த வருடக் கோயில் திருவிழா மலரிலும் அந்த முத்து இடம் பிடித்தது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேச்சுப்போட்டியில் அதைச் சொன்னார்கள். அச்சில் வந்துவிட்டது, இனி யார் கேட்பார்?

ஒருவர் கேட்டார்.

உடன்குடிக்கு அந்தப்புறம், பனங்காட்டு ஊர் ஒன்றில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி அவர். அந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது அவர் எனக்கு ஒரு பயனர் மட்டுமே. தன் ஊரின் பழைய கிணற்றைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். ஒரு பாண்டிய ராஜா நேரில் வந்து நின்று வெட்டியது என்று அதில் இருந்தது. சான்று கேட்டேன். ஆறு மாதம் காத்திருந்தேன். பதில் இல்லை. ராஜாவை எடுத்துவிட்டேன். மறுநாள் என் உரையாடல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்:

"அம்மா, எங்கள் கிணற்றை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர்க் கட்டுரையில் உள்ள முத்து வாக்கியத்தையும், அதற்குச் சான்றாகக் காட்டியிருக்கும் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எது முதலில் வந்தது என்றும் பாருங்கள்."

அலுவலகத்தில் இருந்தபடியே பார்த்தேன். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி இருக்கும். நான் வாக்கியத்தை எழுதி இரண்டு வருடம் கழித்துத்தான் பத்திரிகை வெளிவந்திருந்தது. மேற்கோளோடு இணைத்திருந்த பத்திரிகைப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கினேன். "சுண்டைக்காய்ப் பருமனுள்ள மிகப் பெரிய முத்து கிடைத்தாகும்." அந்த 'த' அங்கேயும் இல்லை.

நான் எழுதியதைப் பத்திரிகை எடுத்திருக்கிறது. பத்திரிகையைக் காட்டி நான் எழுதியது உண்மை என்று ஆகியிருக்கிறது. நடுவில் வேறு யாருமே இல்லை. இத்தனை வருடமாக ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் சான்று கேட்டுக்கொண்டிருந்தவளின் சொந்தக் கட்டுரையில் இது.

பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்தக் கட்டுரையை எழுதியவரைப் பிடித்தேன்.

"சார், அந்த முத்துத் தகவல் உங்களுக்கு எங்க கிடைச்சது?"

"நெட்லதான் மேடம். கலைக்களஞ்சியத்துல போட்டிருந்துச்சு. ஏன், தப்பா?"

"தப்புன்னு தெரியல சார். சரின்னும் தெரியல."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேசாமல் விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருடைய கிணற்றில் ராஜாவைத் திரும்ப இறக்கிவிட்டால் அவரும் பேசமாட்டார். அதோடு, ஊரில் அந்த வருடம் புதிதாக ஒரு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலை பிரிகிற இடத்தில் சிமெண்டு வளைவு, அதன் நெற்றியில் "பெருமுத்து எடுத்த ஊர்" என்று எழுதப்போகிறார்கள். ஊர்க் கமிட்டியில் என் அண்ணனும் இருந்தான். இரண்டு நாள் இப்படியும் அப்படியுமாக ஓடியது. அப்புறம், உண்மையாகவே இருந்தால் எங்காவது எழுதியிருப்பார்கள் அல்லவா, தேடித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.

டவுனில் கடல்வள ஆராய்ச்சி நூலகம் ஒன்று உண்டு. வெளியாட்கள் அனுமதிக் கடிதம் கொடுத்தால் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். அங்கிருந்த நூலகர் அம்மா, நான் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, "முத்துக்குளிப்பா? கெட்டி அட்டை போட்டது ஒண்ணு இருக்கு, யாரும் தொட மாட்டாங்க" என்று சொல்லி, மீன்துறையின் பழைய அறிக்கைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்த தொகுதியைத் தூக்கிக்கொண்டுவந்து வைத்தார். ஆங்கிலம். பக்கங்கள் பழுப்பேறி, திருப்பும்போது ஓரம் உதிர்ந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கினேன். பார் என்று சொல்லுகிற சிப்பித் திட்டுகளை எப்படிச் சோதித்தார்கள், வள்ளங்கள் எத்தனை மணிக்குப் புறப்பட்டன, ஒரு மூச்சில் எவ்வளவு நேரம் அடியில் இருந்தார்கள், எல்லாம் எழுதியிருந்தது. எங்கள் முத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

மத்தியானத்துக்குமேல் இன்னொன்று கண்ணில் பட்டது. கரைக்கு வந்த சிப்பிகளை யாரும் திறப்பதில்லை. எல்லா வள்ளத்துச் சிப்பிகளையும் இறக்கி, அரசாங்கப் பங்கு, குளித்தவர்கள் பங்கு என்று பிரித்துவிடுவார்கள். அரசாங்கப் பங்கைக் குவித்து, மூடிய சிப்பியாகவே ஏலம் விட்டுவிடுவார்கள். ஏலம் எடுத்த வியாபாரி அதைத் தன் கொட்டகைக்குக் கொண்டுபோய் அழுகவிட்டு, கழுவிப் பார்க்கும்போதுதான் முத்து இருக்கிறதா இல்லையா என்பதே தெரியும். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். குவியலுக்குள் போன பிறகு எந்தச் சிப்பி எந்த வள்ளத்துச் சிப்பி என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அப்பாவாலும் முடியாது.

மூடி வைக்கப்போகும்போது பின்னிணைப்பைப் புரட்டினேன். குளிப்பில் கலந்துகொண்ட ஊர்களின் பட்டியல் அங்கே இருந்தது. வேம்பாருக்கு அடுத்து ஒரு விசித்திரமான பெயர். வாய்விட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்த பிறகுதான் அது எங்கள் ஊர் என்று தெரிந்தது; ஆங்கிலத்தில் அப்படிக் கடித்துக் குதறி எழுதியிருந்தார்கள். சந்தேகமில்லாமல் எங்கள் ஊர்தான், முன்னாலும் பின்னாலும் எங்கள் பக்கத்து ஊர்கள் வரிசையாக இருந்தன. நூலகர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். சத்தமாகச் சிரித்திருப்பேன் போலிருக்கிறது. அனுமதி கேட்டு அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே வேலையை முடித்தேன். முத்து வாக்கியத்தை எடுத்தேன். அந்த இடத்தில், கடைசி முத்துக்குளிப்பில் கலந்துகொண்ட ஊர்களில் இதுவும் ஒன்று என்று எழுதி, அறிக்கையையும் பக்க எண்ணையும் கீழே குறித்தேன். உரையாடல் பக்கத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதினேன்: இந்த வாக்கியம் என்னுடையது, சான்று இல்லாமல் எழுதியது, பத்திரிகை என்னிடமிருந்து எடுத்தது, ஆகவே அது சான்று ஆகாது. இனி யாரும் அதைக் காட்டித் திரும்பச் சேர்க்க வேண்டாம். திருத்தத்தைச் சேமித்துவிட்டு எழுந்து நின்றேன். உடம்பு லேசாக இருந்தது. எவ்வளவோ கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன்; இதைப்போல நெஞ்சு நிமிர்ந்தது கிடையாது.

நெஞ்சு நிமிர்ந்தது செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான். செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் போன்.

"ஏளா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? கமிட்டில அத்தன பேரும் என்னப் புடிச்சிக் கேக்காவ. பெயிண்டர் வந்து வளைவுல கோடு போட்டுட்டுப் போயிட்டான். நெட்ல இப்ப அது இல்லன்னு ஒருத்தன் போன எடுத்துக் காட்டுதான்."

"நான் எழுதுனதுதாண்ணே அது. நான்தான் எடுத்தேன்."

"அப்பா பொய் சொன்னாவன்னு ஊருக்கே சொல்லுதியோ?"

"பொய்னு சொல்லல. சான்று இல்லன்னு சொல்லுதேன்."

"ரெண்டுக்கும் என்னளா வித்தியாசம்?"

"ஞாயித்துக்கிழம வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் பி.எல். தட்டச்சு செய்யும்போதெல்லாம் அப்பாவின் முகம் குறுக்கே வந்தது. எண்பது தாண்டிய மனிதர். பெரியப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த வள்ளத்தில் போனவர்களில் மிஞ்சியிருப்பவர் அப்பா ஒருவர்தான். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா முன்அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் கதவுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மதினி காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, அவளும் உள்ளே போகாமல் நின்றாள்.

"எப்பா, அந்தப் பெரிய முத்து நம்ம வள்ளத்துச் சிப்பியில கெடச்சதுன்னு சொல்லுவீங்கல்லா?"

"ஆமா."

"அத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் எப்பளா பாத்தேன்னு சொன்னேன்? பேசிக்கிட்டாவன்னுதான சொல்லிருக்கேன்."

"யாரு பேசிக்கிட்டா?"

"கரையில உள்ள எல்லாவனுந்தான். வடக்கூர்க்காரன் அவன் வள்ளம்பான். தெக்கூர்க்காரன் அவன் வள்ளம்பான். நாங்க எங்க வள்ளம்னு சொன்னோம். எவன் விட்டுக் குடுப்பான்?"

அண்ணன் கட்டியிருந்த கையை எடுத்தான். "அப்போ முத்து?"

"முத்து எவனாவது யாவாரிக்குக் கெடச்சிருக்கும். சிப்பியத் தொறக்காமலேதான குமிச்சிப் போட்டு ஏலம் விடுவாவ. எது எங்க சிப்பி, எது அடுத்தவன் சிப்பின்னு சிப்பியிலயா எழுதி ஒட்டிருக்கு? எங்க பங்கையும் அங்கனயே தள்ளி விட்டுட்டு வந்துருவோம். அந்த நாத்தத்த வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?"

ஆராய்ச்சி நூலகத்தில் காலை முதல் மாலை வரை ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி நான் தெரிந்துகொண்டதை அப்பா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இத்தனை வருடமும் அவரிடமே அது இருந்தது. அந்தக் கதையைப் பத்து வயதில் கேட்டேன், முப்பது தாண்டி எழுதினேன். இடையில் ஒரு தடவைகூட 'நீங்கள் பார்த்தீர்களா' என்று கேட்கவில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

"எப்பா, நான் அதை நெட்ல உண்மைன்னு எழுதிட்டேன். இப்ப எடுத்துட்டேன். அண்ணனுக்கு அதுல வருத்தம்."

"பாக்காதத எதுக்கு எழுதுன?" என்றார் அப்பா. அவ்வளவுதான். அதற்குமேல் திட்டக்கூட இல்லை. டி.வி.யை அணைத்துவிட்டு, "நம்ம ஊரு பேரு இருக்கா, அந்தப் புஸ்தகத்துல?" என்று கேட்டார்.

போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். இந்த வரி என்று விரலை வைத்தேன். அப்பாவும் விரலை வைத்தார். படம் பெரிதாகி எங்கேயோ ஓடிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எங்க அண்ணனும் உண்டுமா?"

"ஊர்ப் பேரு மட்டுந்தாம்ப்பா. ஆளுக பேரு போடல."

"செரி. ஊருன்னா அவனும்தான."

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அண்ணன், "அந்தப் போட்டோவ எனக்கு அனுப்பு" என்றான்.

கமிட்டியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வளைவில் பெயிண்டர் போட்டிருந்த கோட்டின்மேல் வெள்ளை அடித்து, ஊர்ப் பெயரை மட்டும் பெரிதாக எழுதினார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது.

அந்தப் பனங்காட்டு அண்ணாச்சி மின்னஞ்சலில் எண் கேட்டு வாங்கி என்னோடு பேசினார். "நான் கோவத்துலதாம்மா அப்படி எழுதுனேன். நீங்க நெசமாவே எடுத்துருவீங்கன்னு நெனைக்கல."

"எடுத்துத்தான ஆகணும் அண்ணாச்சி."

"அப்போ எங் கெணறு?"

"சேந்து தேடுவோம்" என்றேன். தேடினோம். அவர் கடையைக் கவனித்துக்கொண்டே போனில் படம் படமாக அனுப்புவார். நான் அறிக்கைகளில் தேடுவேன். ஆழ்வார்திருநகரியில் ஒரு வேலையாகப் போனபோது, அங்கே கல்வெட்டுகள் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வழி கண்டுபிடித்தார். கடைசியில் கிணற்றுச் சுவரில் உள்ள கல்வெட்டைப் பற்றிய குறிப்பு ஓர் அரசாங்க அறிக்கையில் அகப்பட்டது. ராஜா இல்லை. அந்த ஊர் வியாபாரி ஒருவர் தன் சொந்தச் செலவில் வெட்டிக்கொடுத்தது என்று இருந்தது. தயங்கித் தயங்கித்தான் அவரிடம் சொன்னேன்.

"யாவாரியா?" என்று போனிலேயே கத்தினார். "நம்ம ஆளும்மா! ராஜா வெட்டுனா என்ன பெரும? அவன் காசா? யாவாரி வெட்டிருக்கான் பாருங்க, அதப் போடுங்க மொதல்ல!"

போட்டோம். கீழே பக்க எண்ணோடு. இப்போது பட்டியலில் பாதியை அவர் பார்த்துக்கொள்கிறார். என்னைவிடக் கண்டிப்பு.

அடுத்த திருவிழா மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரச் சொல்லிக் கமிட்டியிலிருந்து கேட்டார்கள். கேட்கச் சொன்னது அண்ணன்தான். "கீழ சின்ன எழுத்துல எங்கருந்து எடுத்தேன்னு போடுவியே, அதெல்லாம் போட்டு எழுது" என்றான். நான்கு பக்கம் எழுதினேன். அச்சகத்தில் அடிக்குறிப்புகளை இடம் பற்றாது என்று எடுத்துவிடப் பார்த்தார்கள், அண்ணன் விடவில்லை. ஒரு விளம்பரத்தைச் சின்னதாக்கச் சொல்லி இடம் வாங்கிப் போட்டான். அப்பாவிடம் கேட்டு, கயிறு பிடித்த அனுபவத்தை அவர் சொன்னபடியே, அவர் சொன்னது என்று குறிப்பிட்டே ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்தேன். கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை, மலரில் உண்டு.

கொடியேற்றத்தன்று கோயில் வளாகத்தில் நல்ல கூட்டம். மலரைக் கையில் வைத்து விசிறிக்கொண்டு பெண்கள் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மதினியோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அண்ணனிடம் யாரோ குறைப்பட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் குடியிருக்கிற மாமா ஒருவர்.

"மலர் அம்சமா இருக்குடே. ஆனா அந்தப் பெரிய முத்த ஏன் விட்டுட்டீங்க? போன தடவ இருந்துச்சே. நம்ம ஊருக்குப் பெருமையே அதான?"

நான் திரும்பவில்லை. அண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மாமா, இங்கன வாங்க" என்றான் அண்ணன். "அந்தக் காலத்துல சிப்பியத் தொறக்காமலே குமிச்சிப் போட்டு ஏலம் விட்ருவாவ. வெளங்குதா? அப்போ எந்த வள்ளத்துச் சிப்பியில முத்து இருந்துச்சுன்னு எவனால சொல்ல முடியும்? நம்மளால முடியாது, வடக்கூர்க்காரனாலயும் முடியாது. ஆனா குளிச்சது நெசம். நம்ம ஊரு பேரு சர்க்கார் புஸ்தகத்துலயே இருக்கு. நான் என்ன, வாய்க்கு வந்ததச் சொல்லுதேனா? இந்தா, கீழ பாருங்க, பக்கம் நம்பர் போட்டிருக்கு."

மாமா கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். அண்ணன் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான்.